மூன்று மணி நேரத் தூரம்

இன்னும் பறக்கத் தொடங்காத ஒரு விமானத்துக்கு அவன் காலையிலிருந்து பாதை போட்டுக்கொண்டிருந்தான்.

பாதை போடுவது அவன் பிழைப்பு. விமான நிறுவனத்தின் இயக்க அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும், எத்தனை மணிக்குச் சக்கரம் தரையைத் தொடும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பான். விமானி கையெழுத்திடும் தாளில் அவன் கையெழுத்தும் இருக்கும். அறைக்கு ஜன்னல் கிடையாது. வானத்தைப் பார்க்காமலே வானத்தில் வேலை செய்கிறவர்கள் என்று அங்கே ஒரு கேலி உண்டு. குளிர்சாதனத்தின் இரைச்சல், காகிதக் கோப்பையில் ஆறிப்போன காபி, யாரோ நாற்காலியில் மாட்டிவிட்டு மறந்துபோன ஸ்வெட்டர். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேச வேண்டியிராத அந்த அறை அவனுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இன்று அவன் திரையில் இருந்த ஊருக்கு அவர்களுடைய விமானம் எதுவும் போவதில்லை. வேறொரு நிறுவனம் சீக்கிரம் அங்கே நேரடி விமானம் விடப்போவதாக அறிவித்திருந்தது. கால அட்டவணை இன்னும் வரவில்லை.

பக்கத்து மேசையில் வானிலை பார்க்கும் பெண்மணி தன் நாற்காலியோடு உருண்டு வந்தார். அந்த அறையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். புயலைப் பற்றிச் சொல்லும்போதுகூடக் குரலை உயர்த்த மாட்டார். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது உயர்த்துவார்.

"தம்பி, அந்த ஊர்ல நாம எப்போ கடை திறந்தோம்?"

"சும்மா பாக்குறேன்க்கா."

"வெளிய வெயில் மண்டையைப் பொளக்குது. சும்மா பாக்குறவன் எதுக்குக் குளிர்காலக் காத்தைப் போட்டுப் பாக்குறான்?"

அக்கா திரையைப் படித்தார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பதுதான் சங்கடம்.

அந்த ஊர் கிழக்கே இருந்தது. மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறுபோல ஓடுகிறது. வெயில் காலத்தில் அது சோம்பிக் கிடக்கும். குளிர்காலத்தில் வெறி பிடித்து ஓடும். அதனால் கிழக்கே போகிறவன் காற்றின் தோளில் ஏறிச் சீக்கிரம் போய்ச் சேருவான். அதே வழியில் திரும்பி வருகிறவன் காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். தூரம் ஒன்றுதான். நேரம் இரண்டு. குளிர்காலத்தில் போவதற்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். வருவதற்கு மூன்று மணி நாற்பது நிமிடம். அவன் திரையில் இருந்தது வருகிற கணக்கு.

"போற கணக்கு எங்கே?" என்றார் அக்கா.

"அது வேண்டாம்க்கா."

"ஓ." நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "உன் பொண்ணு விஷயமா?"

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"இதோ பாரு. நீ இருக்கிற காத்தைத் தேடுறியா, வேணுங்கிற காத்தைத் தேடுறியா?"

"இதுவும் இருக்கிற காத்துதான். பொய் இல்லையே."

"பொய்னு நான் சொல்லவே இல்லையேப்பா. அந்த வார்த்தையை நீதானே கொண்டு வர்றே?"

அக்கா உருண்டு தன் மேசைக்குப் போய்விட்டார். அவன் அந்த ஒரு தாளை மட்டும் அச்செடுத்து, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவன் கெட்டது தன் தொழிலால்.

மணமுறிவின்போது சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை போடுகிற அளவுக்கு அவர்களுக்குள் பேச்சு மிச்சமிருக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் மனைவி காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். நாளெல்லாம் ஒலிபுகாத ஒரு சின்ன அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைகளை உட்காரவைத்து, மிக மெல்லிய ஒலியை அனுப்பி, கேட்டதும் கையைத் தூக்கச் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் இவன். "என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். உண்மையில் அவன் எதையாவது யோசித்துக்கொண்டுதான் இருப்பான். அதை எடுத்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். வருஷக்கணக்காக அப்படிக் கடந்தது. ஒரு நாள் அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "நான் கிளம்புறேன்" என்றாள். அதற்கும் அவன் யோசித்துக்கொண்டுதான் நின்றான்.

மகள் அம்மாவோடு இருப்பாள், வாரக் கடைசியில் அப்பாவிடம் வருவாள் என்று முடிவானது. இருவரில் யாரும் குழந்தையை வெகுதூரம் கொண்டுபோய்விடக் கூடாது என்று ஒரு நிபந்தனை எழுத வேண்டியிருந்தது. சமரச அதிகாரி கிலோமீட்டரில் ஒரு எண்ணைச் சொன்னார். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் 'சரி' என்று தலையாட்டியிருப்பார்கள். அவன் மட்டும், அந்த வழக்கு நடந்த காலம் முழுவதிலும் முதல்முறையாக, வாயைத் திறந்தான்.

"தூரத்துக்கு அர்த்தமே கிடையாது மேடம். நேரம்தான் கணக்கு. மூணு மணி நேர விமானப் பயணத்துக்குள்ளனு போடுங்க. ஒரு விமான நிலையத்துல விமானம் நகர ஆரம்பிச்சதுல இருந்து, இன்னொரு நிலையத்துல வந்து நிக்கிற வரைக்கும்."

அப்படியே எழுதினார்கள். கையெழுத்துப் போடும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கிலோமீட்டர் என்றால் கல்லில் செதுக்கியது. யாரும் அசைக்க முடியாது. அதை எடுத்தெறிந்துவிட்டு ஒப்பந்தத்துக்குள் காற்றைக் கூப்பிட்டு உட்காரவைத்தவன் அவனே. போகிற நேரமா, வருகிற நேரமா என்று எழுதவும் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரிலும் அதை மறக்கக் கூடாத ஆள் அவன்தான்.

இப்போது அந்தக் கிழக்கு ஊரில், குழந்தைகளுக்கான ஒரு புதிய மருத்துவமனையில், காது பிரிவு முழுவதையும் நடத்தச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி பொருத்தி, முதல் ஒலியைக் கேட்கவைக்கும் வேலை. ஒப்பந்தத்துக்குள் அடங்குமா என்று முடிவு செய்ய வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார் சமரச அதிகாரி. இருவரும் பயண நேரத்துக்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் மகளைப் பாடகர் குழுப் பயிற்சியிலிருந்து அழைத்து வரும் முறை அவனுடையது. ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. வந்ததும் காலணிகளைத் திசைக்கு ஒன்றாக உதறிவிட்டு, சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, அவன் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த ஊருக்கு ரெண்டு மணி அம்பது நிமிஷமாம்."

கத்தி நின்றது. "யார் சொன்னா?"

"அம்மா போன்ல பாத்தாங்க. ரெண்டு ஊர் பேரைப் போட்டா அதுவே சொல்லிடுது. ஒரு கோடு போட்டு, நடுவுல குட்டியா ஒரு விமானம்கூட வரைஞ்சிருக்கு."

"அது தப்பு."

"எப்படித் தப்பு?"

"அது பூமி உருண்டை மேல நூலைப் பிடிச்ச மாதிரி ஒரு கோட்டை இழுத்து, விமானம் எப்பவும் ஒரே வேகத்துல போகும்னு வெச்சு வகுத்துக்கும். அந்தக் கோட்டுல யாரும் பறக்க முடியாது. நடுவுல ராணுவத்துக்காரங்க இடம் இருக்கு, சுத்திப் போகணும். அப்புறம் காத்து..."

"உங்களுக்கு எல்லாமே தப்புதான்." அவள் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தாள். "அங்க அம்மாவுக்குப் பெரிய ரூம் தராங்களாம். செவுத்துல எல்லாம் திமிங்கிலம் வரையலாமாம். திமிங்கிலத்துக்குத்தான் ரொம்ப தூரம் கேக்குமாமே?"

"உனக்கு அங்க போகணுமா?"

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். யோசிக்கும்போது முகம் அப்படியே அவன் முகமாக ஆகிவிடும். பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது. "தெரியல. அம்மாவுக்குப் போகணும். ராத்திரி தனியா பாட்டுப் பாடிக்கிட்டே துணி மடிக்கிறாங்க. முன்னாடி பாட மாட்டாங்க."

அவன் மறுபடியும் நறுக்கத் தொடங்கினான். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவும் இல்லை. வாணலியில் எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகுதான் அடுப்பைக் குறைத்தான்.

அழைத்துப்போக வந்தவர் அவளுடைய தாய்மாமன். மனைவியின் அண்ணன், பெரிய உடம்பு, பெரிய குரல், குளிர்பதனப் பெட்டிகள் பழுதுபார்க்கும் கடை. மணமுறிவுக்குப் பிறகும் அவர் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். ஒருமுறை கேட்டதற்கு, "கோர்ட்டு கல்யாணத்தைத்தானே ரத்து பண்ணுச்சு, என் வாய்க்கு யாரும் தடை போடலையே" என்றார்.

வாலு பையை எடுக்க உள்ளே போனதும், வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு வரும்.

"நாளைக்கு என்ன மாப்பிள்ளை, கணக்கெல்லாம் தயாரா?"

"ம்."

"மூணுக்கு உள்ளயா, வெளியவா?"

"வெளிய."

அவர் கார்ச் சாவியை விரலில் சுற்றினார். "அவளும் ஒரு கணக்கு வெச்சிருக்கா. அது உள்ள. ரெண்டு பேரும் படிச்சவங்க. நான் கம்ப்ரஸர் ஓடுதா இல்லையானு மட்டும் பாக்குறவன்." பிறகு, அவனைப் பார்க்காமலே, "உங்களுக்குப் புள்ள போறது பிடிக்கலைனா வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன் மாப்பிள்ளை. கல்லுல நார் உரிக்கிற மாதிரி இருக்கு உங்களோட" என்றார்.

அவன் சிரிக்க முயன்றான். அதற்குள் வாலு வந்துவிட்டாள்.

சமரச அறை மூன்றாவது மாடியில் இருந்தது. நீள மேசை, தண்ணீர்க் குடுவை, அழுகிறவர்களுக்காக ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் வாலுவும் மாமனும் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கு விடுமுறை, விட்டுவிட்டு வர வேறு இடமில்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள். பிரிந்த பிறகு அவள் அவனைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டிருந்தாள். 'என்னங்க' போய்விட்டது, 'நீங்க' மட்டும் தங்கிவிட்டது. மெலிந்திருந்தாள். சட்டைப் பையில் பேனா கசிந்து நீலப் பொட்டு ஒன்று விழுந்திருந்தது. அவள் கவனிக்கவில்லை போலும். சொல்லலாமா என்று நினைத்தான். சொல்லவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதலில் அவள் தாளை எடுத்தார். "ரெண்டு மணி அம்பது. இது இணையத்துல எடுத்தது?"

"ஆமா மேடம்."

பிறகு அவன் தாள். அதில் எண்களும் புள்ளிகளின் பெயர்களும் நெருக்கமாக வரிசையில் இருந்தன. "இது எனக்குப் புரியல. எங்க பாக்கணும்?"

அவன் விரலை வைத்துக் காட்டினான். "மூணு மணி நாப்பது நிமிஷம்."

"உங்க கம்பெனி இதை வெச்சுத்தான் விமானம் விடுமா?"

"நூறு நாள்ல எண்பத்தஞ்சு நாளைக்கு இதுக்கு மேல ஆகாதுங்கிற கணக்கு மேடம். அட்டவணை போடுறப்போ எல்லாரும் இப்படித்தான் போடுவோம்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குரல்கூட நடுங்கவில்லை. இயக்க அறையில் விமானிக்குச் சொல்வதுபோலவே சொன்னான்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அம்மா, இவர் தொழிலே இது. நான் இந்த இணையக் கணக்கை எடுத்துக்கிட்டு இவர் கணக்கைத் தள்ள முடியாது. புரியுதுல்ல?"

அவள் கையை நீட்டி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். படித்தாள். அவசரப்படாமல், மேலிருந்து கீழாக. எட்டு வருஷம் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள். சாப்பாட்டு மேசையில் அவன் தானாகப் பேசிய விஷயம் இது ஒன்றுதான். பாதை, உயரம், காற்று. அந்தப் பேச்சில்தான் அவள் அவன் குரலைக் கேட்டுவந்தாள். அவள் விரல் ஒரு வரியில் வந்து நின்றது.

"இது திரும்பி வர்ற கணக்குதானே?"

அறை அமைதியானது. வெளியே மாமன் ஏதோ சொல்ல வாலு சிரிப்பது கேட்டது. அமைதி அவனுக்குப் பழகிய இடம். எத்தனை நேரம் வேண்டுமானாலும் அங்கே இருந்துவிடுவான். ஆனால் இந்த அமைதியில் ஒதுங்க மூலை இல்லை.

"ஆமா," என்றான்.

"போறதுக்கு?"

"ரெண்டு நாப்பது."

"இது குளிர்காலக் காத்து. வெயில் காலத்துல?"

"போறது மூணுக்குள்ள. வர்றது மூணு சொச்சம். சில நாள் அதுவும் மூணுக்குள்ள வந்துரும்."

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். "இப்போ நான் என்னனு எழுதுறது? போனா ஒப்பந்தத்துக்கு உள்ள, வந்தா வெளிய. வெயிலடிச்சா ஒண்ணு, குளிரடிச்சா ஒண்ணு. இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், காத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய உதடு மட்டும் ஒரு பக்கம் லேசாக அசைந்தது.

"எதுவும் எழுத வேண்டாம் மேடம்," என்றாள். "நான் கொண்டு வந்ததும் நல்ல கணக்கு இல்ல. அந்தக் கோட்டுல விமானம் போகாதுனு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்குச் சாதகமா இருக்குனுதான் எடுத்துட்டு வந்தேன். இவரும் அதையேதான் பண்ணியிருக்கார். என்ன, இவரோடது இன்னும் கொஞ்சம் அழகா இருக்கு."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன். வாலு போகக் கூடாதுனு உங்களுக்குத் தோணுச்சுனா, வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் போகல. சத்தியமா. ஆனா காத்து சொல்லுச்சு, தாள் சொல்லுச்சுனு என்கிட்ட வராதீங்க. நாளைக்கு அவ வளந்து கேட்டா, அப்பாவுக்கு நீ வேணும்னு சொன்னாரு, அதனால இருந்துட்டோம்னு என்னால சொல்ல முடியும். எதிர்க்காத்து பலமா இருந்துச்சுனு சொல்ல முடியாது."

அவன் மேசையைப் பார்த்தான். குடுவையின் வெளிப்புறத்தில் நீர் முத்துகள் கோத்து, ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து வழிந்தது. இரண்டு நாற்பது, மூன்று நாற்பது என்று மனம் தானாக ஓடியது. பிடித்துக்கொள்ள ஓர் எண்ணைத் தேடியது. வாரத்துக்கு ஒருமுறை போனால் என்ன, மாதத்துக்கு இருமுறை என்றால் என்ன, எந்தப் பணிமுறையை யாரோடு மாற்றிக்கொள்ளலாம். எல்லாக் கணக்கும் ஏதோ ஒரு வழியில் சரியாகவே வந்தது. போகட்டும் என்று சொல்லக் காரணம் இருந்தது. நல்ல மனிதன் அதைத்தான் சொல்வான் என்றும் தெரிந்தது. பாடிக்கொண்டே துணி மடிக்கிறாளாம். சுவரில் திமிங்கிலம்.

"கொஞ்சம் டைம் வேணும்னா ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்," என்றார் அதிகாரி.

"வேண்டாம் மேடம். ஒரு வாரம் குடுத்தா இன்னொரு தாள் அச்சடிச்சுட்டு வந்துருவார்."

அதில் கோபம் இல்லை. பழைய பழக்கத்தின் அலுப்பு மட்டும் இருந்தது. அதுதான் அவனைத் தள்ளியது.

"வேண்டாம்," என்றான்.

அதிகாரி நிமிர்ந்தார். "தள்ளி வெக்க வேண்டாமா?"

"குழந்தை போறது வேண்டாம்." அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு வேண்டாம். கணக்கு எல்லாம் இல்ல. புதன்கிழமை அவ செருப்பை உதறிட்டு வர்ற சத்தம் கேக்கணும் எனக்கு. அவ்வளவுதான். அது நியாயமானு தெரியல. உன் வேலை பெருசுனு தெரியும். இருந்தாலும் வேண்டாம்."

சொல்லி முடித்ததும், எதையோ உடைத்துவிட்டவன்போல அவளைப் பார்த்தான். அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். கத்தினால் 'சரி, போ' என்று சொல்லிவிடலாம்.

அவள் சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குழந்தை, எத்தனையோ முயற்சிக்குப் பிறகு, கையைத் தூக்கினால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு கண்கள் நிறைந்தன. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் தொடவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள்.

"அம்மா, நீங்க ஒத்துக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல," என்றார் அதிகாரி. "ஒப்பந்தத்தை நான் உங்க பக்கமாவும் படிக்க முடியும்."

"வாக்குக் குடுத்துட்டேன் மேடம்." கைப்பேசியை எடுத்து, மருத்துவமனைக்குச் செய்தி எழுதத் தொடங்கினாள். கட்டைவிரல் எழுதுவதும், அழிப்பதும், மறுபடி எழுதுவதுமாக இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்து என்று ஒரு சொல் போதும். அது நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் சற்று முன் சொன்னதுதான் உண்மை. இப்போது எழுந்து வருவது அந்த உண்மையைச் சொல்லிவிட்ட வெட்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான். செய்தி போனதற்கான சின்ன ஒலி கேட்டது.

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "வாலுகிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்காக வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், இதை மட்டும் செய்யுங்க."

தாழ்வாரத்தில் மாமன் எழுந்து நின்றார். "என்ன மாப்பிள்ளை, யாரு ஜெயிச்சது? ரெஃப்ரீ யாருக்குக் கையைத் தூக்கினாங்க?" என்று தொடங்கியவர், தங்கையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் நிற்காமல் படிக்கட்டுப் பக்கம் போனாள். அண்ணன் ஒரு கணம் தயங்கிவிட்டு அவள் பின்னால் போனார். வழக்கத்துக்கு மாறாக அவர் காலடியே கேட்கவில்லை.

வாலு பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "போறோமா?"

அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "இல்ல. போகல."

"மூணு மணிக்கு மேல ஆகுதா?"

எவ்வளவு எளிதான வாசல். ஆமாம் என்று சொல்லிவிட்டு நுழைந்துவிடலாம். மேசையிலிருந்து எடுத்த தாளும் பையில்தான் இருக்கிறது. காலம் முழுவதும் அவன் நுழைந்த வாசல் அது.

"அது காரணம் இல்ல. அப்பாதான் வேண்டாம்னு சொன்னேன்."

ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. "நீங்களா? ஏன்?"

"நீ இல்லாம என்னால இருக்க முடியாதுனு தோணுச்சு."

"அம்மாவுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சிருந்துச்சுப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அழலாம். கோபித்துக்கொண்டு கீழே ஓடலாம். கழுத்தைக் கட்டிக்கொண்டாலும் கட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு நப்பாசையும் அவனுக்கு இருந்தது. அவள் எதையும் செய்யவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருவம் நடுவில் சேர்ந்து, வாய் ஒரு கோடாக இறுகி, கண் எங்கோ உள்ளே போயிருந்தது.

"என்னம்மா யோசிக்கிறே?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

அவன் மெல்ல எழுந்து அவள் பக்கத்தில், தோள் படாத இடைவெளி விட்டு, பெஞ்சில் உட்கார்ந்தான். கீழே காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு கட்டுக் காகிதத்தோடு அவர்களைக் கடந்து போனார்கள். பக்கத்து அறையில் வேறொரு குடும்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்த மௌனத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமா என்று அவனுக்குத் தோன்றியது. எத்தனை நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தான்.